முன்னால் போகிற இடலினா

சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடலினா குனிந்து, கையுறை போட்ட உள்ளங்கையை முன் டயரின் மேல் வைத்து ஒரு சுற்றுத் தேய்க்கிறார். பிறகு கையை முதுகுப் பக்கம் விட்டுப் பின் டயரையும் அப்படியே. ஒட்டியிருக்கிற நெருஞ்சி முள் டியூப் வரை இறங்குவதற்குள் உதிர்ந்துவிட வேண்டும். இதற்காக வேகம் குறையாது, பேச்சும் நிற்காது. எழுபதைத் தாண்டிய பெண்மணி ஓடுகிற சக்கரத்தில் கை வைக்கிறாரே என்று புதிதாகக் கூட வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

"கண்ண மூடாதய்யா, நேரா ஆத்துக்குள்ள போயிருவ!"

கனடாவின் மேற்கில், எங்கள் சிமில்கமீன் பள்ளத்தாக்கில் நெருஞ்சிக்குப் பஞ்சமில்லை. காற்றுக்கும் பஞ்சமில்லை. வான்கூவரிலிருந்து விலையுயர்ந்த சைக்கிளும் பளபள சட்டையுமாக வருகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே நாளில் சந்தித்துவிட்டு, மறுநாள் காரின் கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேருவார்கள். தாக்குப்பிடிக்க வேறு உடம்பு வேண்டும். அந்த உடம்பு தனக்குத்தான் இருக்கிறது என்று இடலினா சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

முழுப் பெயர் இடலினா குவரெஷ்மா. போர்ச்சுகலின் வடக்கு மலையில் நாலாம் வகுப்பு வரை படித்தவர். பத்தொன்பது வயதில் ஒரு பெட்டியோடு இங்கே வந்து, ஊரார் தோட்டத்தில் ஆப்ரிகாட் பறித்தார். கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கப் போனால் ஆங்கிலத்தில் பரீட்சை எழுதச் சொன்னார்கள். எழுத வரவில்லை. "நீயே வச்சுக்க உன் லைசென்ஸ" என்று காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். சர்ச் வாசலில் யாரோ போட்டுவிட்டுப் போயிருந்த துருப்பிடித்த சைக்கிளுக்குச் செயின் மாட்டி ஏறினார். அன்றிலிருந்து இறங்கவில்லை என்பது அவர் கணக்கு.

பிறகு யாரும் சீண்டாத ஒரு கல் சரிவை வாங்கினார். வாங்கியபோது ஊரே சிரித்தது. இன்றைக்கு அந்தச் சரிவில் காய்க்கும் கறுப்புத் திராட்சைக்கு மூன்று ஒயின் கம்பெனிகள் அடித்துக்கொள்கின்றன. "எந்தக் காலேஜும் எனக்குச் சொல்லித் தரல. கல்லப் பொறுக்குனேன், கொடிய நட்டேன். அம்புட்டுதான்" என்பார். அம்புட்டுதான் என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் விவரிப்பார்.

ரயில்காரர்கள் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனதும் ஆற்றங்கரை நெடுக மேடு மட்டும் மிஞ்சியது. அதன்மேல் சரளை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கல் சரிந்து கிடக்கும் மலை, இடையில் படிப்படியாகத் திராட்சை வரிசைகள். காரும் லாரியும் அந்தப் பக்கம் தலைகாட்டாது. சக்கரத்துக்கடியில் சரளை நொறுங்கும் சத்தமும் இடலினாவின் குரலும்தான் கேட்கும். மேட்டில் முதல் முதலாகச் சைக்கிளில் போனது தான்தான் என்று அவர் அடித்துச் சொல்கிறார். மறுத்துச் சொல்ல யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

சைக்கிள் இப்போது நல்ல சைக்கிள்தான், அகன்ற டயரும் வளைந்த ஹேண்டில்பாருமாக. ஆனால் மணி மட்டும் பிறந்த ஊரிலிருந்து வந்த ஆட்டு மணி. காற்று சரியாக இருக்கிறதா என்று கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்ப்பார், பழம் அமுக்குவது போல. மின்சார சைக்கிளில் வருகிறவர்களைக் கண்டால் ஆகாது. "வீட்டுக்குப் போயி பிளக்குல மாட்டு, மேய்ஞ்சு வந்த களைப்பு தீரட்டும்" என்று கத்திவிட்டு முந்திப் போவார்.

முந்திப் போவதுதான் அவருடைய மதம். இலையுதிர் காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பேர் சேர்ந்து ஆற்றோடு கீழே சிவப்புப் பாலம் வரை போய்த் திரும்புகிறார்கள். போகும்போது காற்று முதுகில் தள்ளும், கூட்டமாகக் கதை பேசிக்கொண்டு போவார்கள். திரும்பும்போது காற்று முகத்தில் அறையும். அப்போது ஒவ்வொருவராக உதிர்ந்து பின்தங்க, இடலினா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் போய்க்கொண்டிருப்பார். ஊரின் மேல்கோடியில் லூக்கின் ரொட்டிக்கடை. ஊருக்குள் நுழையும்போதே ஆட்டு மணி கேட்கும். "மகாராணி வந்தாச்சு, அடுப்பத் திறங்க!" என்று கியூபெக்கிலிருந்து பழம் பறிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட லூக் உள்ளே குரல் கொடுப்பான். மேல்தோல் கருகின முதல் ரொட்டி, முதலில் வந்தவருக்கு. வருஷக்கணக்காக அந்த ரொட்டி ஒரே வீட்டுக்குத்தான் போயிற்று.

அந்த வீட்டில் ஒராசியோ இருக்கிறார். இடலினாவின் கணவர். இவருடைய மதம் கடைசியில் வருவது. குருவி பார்ப்பார், ஆற்றைப் பார்ப்பார், யாருக்காவது பஞ்சர் என்றால் நின்று ஒட்டிக்கொடுப்பார், எல்லாரும் ரொட்டி தின்று முடித்த பிறகு வந்து சேருவார். "கல்யாணத்துக்கும் லேட்டா வந்த ஆளு" என்பார் இடலினா. "வந்தேன்ல?" என்பார் அவர்.

இந்த இரண்டு மதமும் ஒரு கேட்டில்தான் சந்தித்துக்கொண்டன.

பாதையில் ஒரு துண்டு பக்ஷீஷ் தாலிவாலின் திராட்சைத் தோட்டத்துக்குள் போகிறது. மானுக்குப் பயந்து ஆள் உயரத்துக்கும் மேலே வேலி போட்ட தோட்டம். உள்ளே நுழைய ஒரு கேட், வெளியேற ஒரு கேட். எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை, வாய்ப்பேச்சில் விட்ட வழி. ஒரே நிபந்தனை: முதலில் போகிறவர் திறக்கலாம், கடைசியில் போகிறவர் சாத்த வேண்டும். பாலத்துப் பக்கத்துக் கீழ்க்கேட் விட்டால் தானாக வந்து சாத்திக்கொள்ளும். ஊர்ப் பக்கத்து மேல்கேட் அப்படியில்லை. தொங்கிப் போய்ச் சரளையில் உரசும். தள்ளினால் தள்ளின இடத்தில் நிற்கும். இடலினா வருவார், சக்கரத்தாலேயே ஒரு இடி கொடுப்பார், போய்க்கொண்டே இருப்பார். ஒராசியோ கடைசியில் வந்து இறங்கிச் சாத்துவார்.

இந்த வருஷம் வசந்தத்தில் ஒராசியோவுக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் ஆயிற்று. வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். சாத்துகிற வேலை கெய்லுக்கு வந்தது. கெய்ல் ஓய்வு பெற்ற நர்ஸ், மெதுவாக மிதிப்பவர். ஒருமுறைகூட மறக்கவில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிறு. காற்று அன்றைக்கு ஆளைத் தூக்கியது. திரும்பும் வழியில் இடலினாவின் தொடை இரண்டும் பாதியிலேயே சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. புதிதாகச் சேர்ந்த பல் டாக்டரும் அவர் மனைவியும் முந்திப் போனார்கள். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும். தாலிவால் தோட்டத்துக்குள் கெய்ல் வந்து சேர்ந்தபோது இடலினா சைக்கிளைக் காலில் சாய்த்துக்கொண்டு ஒரு குலையைக் கையில் தூக்கிப் பிடித்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"என்னாச்சு இடலினா? முடியலியா?"

"யாருக்கு முடியல? பழம் எப்பிடி வந்துருக்குன்னு பாக்கறேன். நீ போ, போ."

கெய்ல் போனார். தனக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார் என்பதால் கேட்டைத் திறந்தபடி விட்டுப் போனார். அதுதானே முறை. மூச்சு திரும்பியதும் இடலினா ஏறி மிதித்தார். மேல்கேட் விரியத் திறந்து கிடந்தது. அவர் கண், முன்னால் போகிற முதுகுகளின் மேல் இருந்தது. ஒரு நாளும் திரும்பிப் பார்த்திராத கேட்டைத் தாண்டி அன்றைக்கும் திரும்பிப் பார்க்காமல் போனார்.

அன்று சாயங்காலமே மான்கள் உள்ளே வந்துவிட்டன. காலையில் தாலிவால் போய்ப் பார்த்தபோது ஒரு கூட்டமே வரிசைகளுக்கு நடுவில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அந்த வாரம் பறிக்க வைத்திருந்த கறுப்புத் திராட்சை, ஆற்றோரத்து வரிசைகளில் காம்பு மட்டும் மிச்சம். மத்தியானத்துக்குள் இரண்டு கேட்டிலும் சங்கிலியும் பூட்டும் ஏறின. பூட்டினால் அப்புறம் நெடுஞ்சாலைதான் வழி. மரம் ஏற்றின லாரிகள் தோளை உரசிக்கொண்டு போகிற வழி. ஞாயிற்றுக்கிழமைச் சவாரி அதோடு முடிந்தது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

மறுநாள் தாலிவால் ரொட்டிக்கடைக்குள் நுழைந்தபோது இடலினா மேசையைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "வெளியூர்க்காரனுங்கதான்! சட்டைல ஜிப்பு போடத் தெரியும், கேட்டுல கொண்டி போடத் தெரியாது! என் கையில சிக்கட்டும்..."

"வெளியூர்க்காரங்க இல்ல அக்கா" என்றார் தாலிவால். தலைப்பாகையில் திராட்சை இலை ஒன்று ஒட்டியிருந்தது. அவர் நேராகக் கெய்லைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை உங்க கூட்டத்துக்கப்புறம் அந்தப் பக்கம் ஒருத்தரும் போகல. தூரத்துல டிராக்டர்லருந்து பாத்தேன், ஆளு தெரியல, ஆனா கடைசியில சாத்தறது நீங்கதான. நர்ஸம்மா, ஒரு கொண்டி போடறதுக்கு அவ்வளவு கஷ்டமா?"

கெய்ல் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். இடலினா பக்கம் ஒரு கண் போயிற்று, திரும்பி வந்துவிட்டது.

"மறந்துட்டேன் போல தம்பி. மன்னிச்சிருங்க."

லூக் கல்லாவைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான். துடைத்த இடத்தையே துடைத்தான். முதலில் யார் வந்தது, கடைசியில் யார் வந்தது என்பது அவனுக்குத் தெரியாதா? இடலினா பாதி தூக்கின விரலோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் ஒராசியோ காலை ஸ்டூலின் மேல் நீட்டிக்கொண்டு மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிரவில்லை.

"கேட்டு விஷயம் என்னாச்சு?"

"கெய்லு ஒத்துக்கிட்டா."

"அப்பிடியா." நாலு மொச்சை பாத்திரத்தில் விழுந்தன. "ஞாயித்துக்கிழமை நீ கொண்டாந்த ரொட்டி வெட்டி வச்ச ரொட்டி. ஆறிப் போயிருந்துச்சு."

"அதனால?"

"ஒண்ணுமில்ல. கருகுன தோலு இல்லாம எனக்குத் தின்ன மாதிரியே இல்ல."

"ஏய்யா, சுத்தி வளைக்காத. நேரா கேளு."

"நான் என்னத்தக் கேக்க? கடைசியில வர்றது எப்பிடின்னு ஒனக்கு யாரும் சொல்லித் தரல. அது என் தப்பு." சிரித்துவிட்டு, பிறகு முழங்காலைத் தடவினார். "அந்தக் கேட்டு சும்மா இழுத்தா வராது. முழங்கால அடிக்கம்பிக்குக் குடுத்துத் தூக்கணும். தூக்கிட்டே தள்ளணும். அப்பத்தான் கொண்டி விழும்."

இடலினா அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். தையல் போட்ட தடம் இன்னும் சிவப்பாக இருந்தது.

மறுநாள் காலை தாலிவாலின் கொட்டகை வாசலில் ஆட்டு மணி கேட்டது. தாலிவால் வெட்டுக்கத்திகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, கேட்ட விட்டது நான்."

"என்னது?"

"ஞாயித்துக்கிழமை கடைசியில வந்தது நான். கெய்லு இல்ல."

தாலிவால் கத்தியை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அக்கா, நர்ஸம்மா மேல உங்களுக்குப் பாசம், புரியுது. அதுக்காக இப்பிடியா? நீங்க கடைசியா! சொன்னா மாடு கூட நம்பாது."

"அட, நான் சொல்றேன்ல!"

"நீங்கதான சொன்னீங்க, இந்தப் பள்ளத்தாக்குல உங்க முதுகப் பாக்காத ஆளே இல்லன்னு? போன மாசம் என் பொண்ணு கல்யாணத்துல மைக்கைப் புடுங்கி சொன்னீங்களே?"

"சொன்னேன்."

"ஆத்து வெள்ளத்துல ரயில் நின்னுச்சு, நான் நிக்கலன்னு?"

"அதுவும் சொன்னேன்." இடலினா ஹெல்மெட்டைக் கழற்றினார். நரை முடி வியர்வையில் படிந்திருந்தது. "அப்ப அது நெசம். இப்ப இது நெசம். காத்து அடிச்சுச்சு, கால் வரல. பழம் பாக்கறேன்னு பொய் சொன்னேன். ஒன் கேட்டத் தாண்டி திரும்பிப் பாக்காமப் போனேன். ஒன் மொகத்துக்கு நேரா சொல்றேன், நம்ப மாட்டேங்கறியே! பெரிய தப்பு பண்ணுனாலும் நான் பண்ணுனாத்தான் பெரிசா இருக்கும், தெரிஞ்சுக்க!"

தாலிவால் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஆனால் நம்பிய முகம் அது இல்லை. எத்தனையோ வருஷம் ஊர் முழுக்க நட்டு வைத்த பெருமை, அன்றைக்கு வேரோடு நின்றுகொண்டு வர மறுத்தது.

"நர்ஸம்மாவ நான் அங்க வச்சு அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். "நீங்க சொல்றது நெசம்னா அவங்ககிட்ட நான் போய் மன்னிப்புக் கேக்கணும். பூட்டயும் எடுக்கணும். ஆனா நெசம்தானான்னு எனக்குத் தெரியணுமே அக்கா."

"ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு தடவ கேட்டத் திற. நீயே நின்னு பாரு."

"வேணும்னே மெதுவா வந்துட்டா?"

"நானா?" என்றார் இடலினா. அவமானத்தில் முகம் சிவந்துவிட்டது. "வேணும்னே மெதுவா? நானா?"

ஞாயிறு வந்தது. காற்றும் வந்தது. சிவப்புப் பாலத்தில் திரும்பும்போது கெய்ல் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "இடலினா, நான் வேணா ஓரமா நின்னு கடைசியா வரேன். இது போகட்டும்."

"முன்னாடி போ."

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"கெய்லு, நான் ஆயுசுல இந்த வார்த்தைய யாருகிட்டயும் சொன்னதில்ல. மறுபடி சொல்ல வைக்காத. முன்னாடி போ."

பிறகு தலையைக் குனிந்துகொண்டு மிதித்தார். விட்டுக்கொடுத்து மிதிக்கவில்லை. அது அவருக்குத் தெரியாத வித்தை. பல்லைக் கடித்து, ஹேண்டில்பாரில் படுத்து, கியரைக் குறைத்து, கூட்டி, மறுபடி குறைத்து, மூச்சு விசில் அடிக்க மிதித்தார். ஒரு கட்டத்தில் கெய்லைப் பிடித்துவிடுவார் போலவும் இருந்தது. பாறை முனை திரும்பியதும் காற்று முழுசாக மேலே விழுந்தது. முன்னால் போகிற முதுகு சிறுத்துக்கொண்டே போயிற்று. சரளையில் நெருஞ்சி மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. குனிந்து டயரைத் தேய்க்கவும் அன்றைக்கு அவரால் ஒரு கையை விட முடியவில்லை.

மேல்கேட்டில் தாலிவால் சாவியோடு நின்றிருந்தார். பல் டாக்டர் வந்தார், மனைவி வந்தார், மற்றவர்கள் வந்தார்கள், கெய்ல் வந்தார். தாலிவால் கெய்லை நிறுத்தித் தலைப்பாகை தாழக் கும்பிட்டு ஏதோ சொல்ல, கெய்ல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க தம்பி, அங்க பாருங்க" என்று பின்னால் காட்டினார்.

நீண்ட வரிசைகளின் கோடியில் ஒரு புள்ளி வந்துகொண்டிருந்தது. மணிச் சத்தம் முதலில் வந்தது, வெகுநேரம் கழித்து ஆள் வந்தார். முகம் பீட்ரூட். கண்ணில் காற்றுக்கு வந்த நீரா வேறு நீரா என்று தாலிவால் பார்க்கவில்லை, நல்ல மனுஷன், ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இடலினா கேட்டைத் தாண்டி வந்து சைக்கிளை வேலியில் சாய்த்தார். திரும்பி நடந்து கேட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அது சரளையைக் கீறிக்கொண்டு பாதி வந்து நின்றது. உதவிக்கு வந்த தாலிவாலை முழங்கையால் தள்ளினார். பிறகு வலது முழங்காலை அடிக்கம்பியின் கீழே கொடுத்து, ஒரு தூக்குத் தூக்கித் தள்ளினார். கொண்டி விழுந்தது. அவர் முழங்காலை உடனே எடுக்கவில்லை. கம்பிக்கடியில் அப்படியே வைத்துக்கொண்டு, கொண்டியைப் பிடித்து ஒரு முறை ஆட்டிப் பார்த்தார், இன்னொரு முறையும் ஆட்டிப் பார்த்தார்.